வேலிகாவின் துணைக்கேள்வி

டோல்னி இஸ்வோர் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரே வருஷத்தில் இரண்டு பேர் தலைநகர் சோஃபியாவுக்குப் போனார்கள். ஒருவர் சுகாதார அமைச்சராகப் போனார். இன்னொருத்தி அவரைக் கண்டாலே ஆகாதவளாகப் போனாள்.

அமைச்சர், டாக்டர் லூபென் மிரேவ். ஊர் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர். கைராசிக்காரர் என்று பெயர். வாய் மட்டும் பொல்லாதது. நோயாளியைத் திட்டாமல் ஒருநாளும் அவர் வைத்தியம் பார்த்ததில்லை. "இத்தனை நாள் இதை வளர்த்துக்கிட்டு வந்திருக்கியே, கல்யாணம் பண்ணிக்குடுக்கவா?" என்று கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்பார். அழுதுகொண்டு வெளியே வருவார்கள். அடுத்த தடவையும் அவரிடமே போவார்கள்.

இன்னொருத்தி, வேலிகா ராலேவா. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவள். மாவட்டத் தலைநகர் விதினுக்குப் போகும் பஸ் எந்த மேடையில் நிற்கிறது, சோஃபியா பஸ் எவ்வளவு தாமதம் என்று அவள் சொன்னால் எதிரே சந்தையில் மிளகாய் விற்கிறவர்களுக்கும் கேட்கும். எல்லாக் கட்சிகள் மீதும் ஜனங்களுக்குக் கோபம் வந்த ஒரு காலத்தில் புதிதாக ஒரு கட்சி முளைத்தது. மாவட்டப் பட்டியலில் ஒரு பெண் பெயர் வேண்டும் என்று இவளைக் கேட்டார்கள். சும்மா பெயருக்குத்தானே என்று கையெழுத்துப் போட்டாள். பட்டியலில் இவளுக்கு மேலே இருந்தவர் ஜெயித்ததும் வேறு பதவிக்குத் தாவிவிட்டார். இடம் இவளுக்கு வந்துவிட்டது. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இருவருக்கும் நடுவில் இருந்த பகை கட்சிப் பகை இல்லை. வேலிகாவின் அக்கா ராய்னாவுக்கு மார்பில் புற்று வந்தபோது அறுத்தவர் மிரேவ்தான். அறுவை சரியாகத்தான் நடந்தது. ஆனால் வேலிகா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் காப்பிக் கடையைத் தாண்டியபோது, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவன், "ஒண்ணா, ரெண்டுமா?" என்று கேட்டான். ராய்னாவுக்கு அப்போது மயக்கம்கூடத் தெளிந்திருக்கவில்லை. சேதி யார் வாயிலிருந்து கசிந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. ராய்னா அதன்பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். மறு பரிசோதனைக்கும் போகமாட்டேன் என்றாள். நோய் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி மிரேவுடையது, ஆகவே வாயும் அவருடையது என்று வேலிகா முடிவு கட்டிவிட்டாள். அடக்கத்தின்போது அவர் நீட்டிய கையை அவள் தொடவில்லை.

நாடாளுமன்றத் தாழ்வாரத்தில் முதல்நாள் அவளைப் பார்த்ததும் மிரேவ் நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. சோஃபியா பஸ் எத்தனாவது மேடை?"

"உங்க கட்சிக்காரங்க ஏறுற பஸ்ஸா டாக்டர்? அது போயி ரொம்ப நேரமாச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிரேவுக்கு முகம் கறுத்துவிட்டது.

அமைச்சரானதும் மிரேவ் கையிலெடுத்த காரியம் புற்றுநோய்ப் பரிசோதனை மசோதா. அதில் அவருக்கு வெறி என்றே சொல்லலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை நோய் வரும்வரை காத்திராமல் அரசே கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தவர். அறுவை அறைக்கு நோய் முற்றிப்போய் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. சட்டம் வருவதற்கு முன்னாலேயே தன் சொந்த மாவட்டத்தில் முன்னோட்டமாக ஒரு வண்டியை விட்டார். வெள்ளை நிறத்தில் நீள வண்டி. உள்ளே மார்பைப் படம் பிடிக்கும் மேமோகிராம் இயந்திரம். ஊர் ஊராகப் போய் நிற்கும். பெயர் சொல்லி அழைப்பு வரும். பெண்கள் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கலாம்.

அந்த மசோதாவின் மேல் கேள்வி கேட்கிற வேலை வேலிகாவின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அமைச்சர்கள் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் கட்சியில் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. கட்சி வக்கீல் ஒரு பிரிவைக் கோடு போட்டுக் காட்டினார். கூப்பிட்ட பெண் வந்தாளா, வரவில்லையா, என்ன முடிவு என்பதெல்லாம் ஒரே பதிவேட்டில் ஏறும். அதை அமைச்சர் அனுமதிக்கும் எந்த ஊழியரும் பார்க்கலாம்.

"எந்த ஊழியருமா?" என்றாள் வேலிகா.

"அப்படித்தான் எழுதியிருக்கு. கவனக்குறைவா எழுதினாங்களோ என்னவோ. லேசா ஒரு தட்டு தட்டிட்டு உக்காந்துடுங்க. மசோதா நல்ல மசோதாதான்."

லேசாகத் தட்டும் எண்ணம் வேலிகாவுக்கு இல்லை.

*

அன்று அவையில் கூட்டம் குறைவு. கேமராக்கள் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. வேலிகா மேடைக்குப் போய் நின்று, எழுதிக் கொண்டுவந்ததைப் படித்தாள்.

"அமைச்சர் அவர்களே, பெண்களைக் கூப்பிடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கூப்பிட்ட பொண்ணோட பேரை யார் யார் பாக்கப் போறாங்க? உங்க கார் டிரைவர் பாக்கலாமா? உங்க கட்சி ஆபீஸ்ல டீ கொண்டுவர்றவர் பாக்கலாமா? சட்டம் பாக்கலாம்னுதான் சொல்லுது."

மிரேவ் எழுந்தார். காகிதத்தைப் புரட்டி, எத்தனை பெண்கள் தாமதமாக வருகிறார்கள், பக்கத்து நாடுகளில் நிலைமை என்ன என்று பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி படித்தார். பிறகு காகிதத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"நம்ம பொண்ணுங்க மருந்து இல்லாம சாகல. நேரத்துக்கு வராம சாகறாங்க. கூப்பிடணும்னா பேர் வேணும். பேர் இல்லாம காத்தையா கூப்பிட முடியும்? யார் பாப்பாங்கன்னு கேக்கறாங்க. டாக்டருங்க பாப்பாங்க. டாக்டருங்க மட்டும்தான். வேற ஈ காக்காகூடப் பாக்காது. பஸ் ஸ்டாண்டுல ஒலிபெருக்கியில சொல்லமாட்டோம், அந்தம்மா பயப்பட வேண்டாம்."

ஆளுங்கட்சிப் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. ஒருவர் மேஜையைத் தட்டினார்.

துணைக்கேள்வி கேட்க வேலிகாவுக்கு உரிமை இருந்தது. வக்கீல் அதையும் எழுதித்தான் கொடுத்திருந்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ஒலிபெருக்கி எங்கிட்ட மட்டும் இல்ல அமைச்சர் அவர்களே, உங்க ஆஸ்பத்திரிகிட்டயும் இருந்துச்சு. எங்க அக்காவை நீங்க அறுத்த சேதி, அவ கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடி காப்பிக் கடைக்கு வந்துட்டுது. ஒண்ணா ரெண்டானு எங்கிட்ட ஒருத்தன் கேட்டான். அப்ப நீங்கதான் அங்க தலைவர். ஒரு ஆஸ்பத்திரியோட வாயைக் கட்டத் தெரியாதவர் நாட்டுல உள்ள எல்லாப் பொண்ணுங்க பேரையும் கேக்கறீங்களே, எந்த மூஞ்சியோட கேக்கறீங்க?"

எதிர்க்கட்சி வரிசைகள் கைதட்டின. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள். மிரேவின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. அவருடைய ஆஸ்பத்திரியைப் பற்றி அவருக்கு முன்னால் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்த வேகத்தில் அது கிறீச்சிட்டது.

"இந்தம்மா எனக்குச் சாவைப் பத்திப் பாடம் எடுக்கறாங்க! போன மாசம் டிவியில உக்காந்துக்கிட்டு, 'பெண்களே, பரிசோதனைக்குப் போங்க'ன்னு இதே வாய்தான் சொல்லுச்சு. கேளுங்க எல்லாரும். மார்ச்சுல எங்க வண்டி இவங்க தெருமுனையில நின்னுது. அழைப்பு போச்சு. வரல. மறுபடி போச்சு. மறுபடியும் வரல! ஊருக்கு உபதேசம், தனக்குப் பயம். இவங்களை மாதிரி ஆளுங்களாலதான் நான் வருஷம் பூரா அறுத்துக்கிட்டிருந்தேன்!"

சபாநாயகர் தண்ணீர்க் கோப்பையை எடுத்தவர் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலிகாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நடுத்தெருவில் யாரோ உடுப்பை உருவிவிட்டது போலிருந்தது. மேலே கேமரா இருக்கிறது, ஊரில் புருஷன் நின்கோ பார்த்துக்கொண்டிருப்பான் என்பதுதான் மனதில் ஓடியது. அவளுடைய நேரம் முடிந்துவிட்டது; ஒலிவாங்கியையும் அணைத்துவிட்டார்கள். இருக்கையில் போய் உட்கார்ந்திருந்தவள் அங்கேயே எழுந்தாள். அந்தக் குரலுக்கு இயந்திரம் தேவைப்படவில்லை.

"எப்படித் தெரியும்?"

மிரேவ் அவளைப் பார்த்தார்.

"டாக்டருங்க மட்டும்தான் பாப்பாங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க. நீங்க என் டாக்டரா? நான் வரலைன்னு உங்களுக்கு யார் சொன்னா? எப்படித் தெரியும்?"

தான் என்ன செய்துவிட்டோம் என்பது மிரேவின் முகத்தில் ஏறியதை அன்று நாடே பார்த்தது. அதன்பிறகு அவையில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு கூச்சல்.

வெளியே தாழ்வாரத்தில் நிருபர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அமைச்சர் விலக வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள்.

"அவர் மட்டும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்தணும். அந்தப் பதிவேடு, அந்த மசோதா, அந்த வண்டி, எல்லாத்தையும். இன்னைக்கே."

வண்டியையுமா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பிரதமருக்கு ஏற்கெனவே கூட்டணியில் ஓட்டை. மிரேவ் அவருக்கு வேண்டாத சுமையாகத்தான் இருந்தார். வாரம் திரும்புவதற்குள் மிரேவ் ராஜினாமா செய்தார். அவர் அமைச்சகத்து ஆள் ஒருவனிடம் முன்னோட்டப் பதிவேட்டில் வேலிகாவின் பெயரைத் தேடிப் பார்க்கச் சொன்னது விசாரணையில் வெளிவந்தது. மசோதா திரும்பப் பெறப்பட்டது. "எதிர்க்கட்சியின் கோரிக்கையை ஏற்று" வண்டியும் நிறுத்தப்பட்டது.

*

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் ஊருக்குப் போனபோது நின்கோ அடுப்படியில் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். பஸ் டிப்போவில் இயந்திரம் பழுது பார்க்கிறவன்; அதிகம் பேசாதவன். அவன் கோபமாக இருப்பது நறுக்குகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தியா?" என்றாள்.

"டிப்போவே பாத்துது. வேலையை நிறுத்திட்டுப் பாத்தாங்க."

"அந்த ஆளு செஞ்சது சரியா?"

"அந்த ஆளு நாசமாப் போகட்டும். மார்ச்சுல என்ன சொன்னே எங்கிட்ட? போயிட்டு வந்துட்டேன், எல்லாம் சுத்தமா இருக்காம்னு சொன்னே. நான் பிளம் சாராயம், ரக்கியா பாட்டில் தொறந்தேன். உங்க அக்கா படத்துக்கு முன்னால ஒரு கிளாஸ் வெச்சேன். நீயும் குடிச்சே."

வேலிகா பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அந்த வண்டியில வேலை பாக்கறது அதே ஆஸ்பத்திரிப் பொண்ணுதான். மறுநாள் சந்தை பூரா என் மாரைப் பத்திப் பேசும்."

"சந்தை பேசும். சரி. நானும் சந்தையா?"

அவளிடம் பதில் இருந்தது. ராய்னா கடைசி மாதத்தில் எப்படிக் கிடந்தாள் என்பதை அவள் ஒருத்திதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். வண்டி தெருமுனையில் நின்ற அன்று கோட்டுவரை போட்டுக்கொண்டாள். கதவுவரை போனாள். கால் அதற்கு மேல் போகவில்லை. பஸ் நிலையத்தில் குடிகாரர்களை அதட்டி விரட்டுகிற பெண் ஒரு வெள்ளை வண்டிக்குப் பயந்தாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நின்கோ ஆறியிருப்பான். அவள் சொன்னது வேறு.

"உனக்கு டிப்போவுல சிரிச்சாங்கன்னுதான் கோபம்."

நின்கோ கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். "அந்த மிரேவ் ஒரு நாய்தான். ஆனா இன்னைக்கு அந்த நாய் சொல்லித்தான் என் பொண்டாட்டியைப் பத்தி எனக்குத் தெரியுது" என்றான். தக்காளியை அப்படியே விட்டுவிட்டுத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். திரும்பி வர நாளாயிற்று. வந்த பிறகும் வெகுநாள் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை.

அவள் எதிர்பார்த்தபடி ஊர் அவளைத் தூக்கிக் கொண்டாடவும் இல்லை. மிரேவைப் பிடிக்காதவர்கள்கூட, நம்ம ஊருக்கு வராது வந்த அமைச்சர், அதையும் கெடுத்துட்டா என்றார்கள். அடுத்த வாரம், ஒரு மே மாதச் சனிக்கிழமை, சந்தைக்குப் போனாள். பஸ் நிலையத்துக்கு நேரெதிரே காய்கறி மேஜை போட்டிருக்கும் இஸ்க்ரா அவளுடைய பள்ளித் தோழி. தினம் இரண்டு காப்பி ஒன்றாகக் குடித்தவர்கள். இஸ்க்ரா வெங்காயத்தைத் தட்டிக் குவித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் பேசினாள்.

"வாடி வீராங்கனை. வண்டியை நிறுத்திட்டியாமே."

"அந்த ஆளு என்ன பண்ணினான்னு பாத்தே இல்ல?"

"பாத்தேன். நீ போகல. சரி, அது உன் உடம்பு. வர்ற வியாழக்கிழமை எனக்குத் தேதி குடுத்திருந்தாங்க. நான் போறதா இருந்தேன். நேத்து ஆஸ்பத்திரியில கேட்டா, வண்டி இல்லேன்னுட்டாங்க. உங்க வேலிகாம்மா சொல்லித்தான் நிறுத்தினாங்களாம்."

"விதினுக்குப் போயிட்டு வா. பஸ் இருக்கே."

"பஸ் இருக்கறது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா உன் கத்தலைக் கேக்கறேன். விதினுக்குப் போனா டாக்டர் சீட்டு வேணும், அந்தச் சீட்டுக்கு ஒரு நாள், போறதுக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள். இந்த மேஜையை யார் பாப்பா? நீ வந்து உக்காருவியா?"

வேலிகா நயமாகச் சொல்ல நினைத்தாள். அவளுக்கு அது வராது.

"அந்த வண்டியில ஏறியிருந்தா உன் பேரும் அவன் கையிலதான் இருந்திருக்கும், புரியுதா உனக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமே!" இஸ்க்ரா இப்போதுதான் நிமிர்ந்தாள். "என் பேரை வெச்சு அவன் என்ன பண்ணப் போறான், கஞ்சி காய்ச்சிக் குடிப்பானா? நீ பெரிய ஆளு, உன் பேருக்கு மதிப்பு. எனக்கு வெங்காயம் விக்கற பேருதான். தள்ளு, வெளிச்சத்தை மறைக்காதே."

*

இஸ்க்ராவின் பேச்சு அவளைக் குடைந்தது. சோஃபியாவுக்குத் திரும்பியதும், யாரிடமும் சொல்லாமல், அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் போய் மேமோகிராம் எடுத்துக்கொண்டாள். காத்திருந்த அறையில் அவளை அடையாளம் கண்ட ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தாள். உள்ளே படம் எடுத்த பெண், "மூச்சை விடுங்க மேடம், பிடிச்சு வைக்காதீங்க" என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. முடிவு சுத்தம். அவள் அந்தக் காகிதத்தை நின்கோவின் முன்னால் வைத்தாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லா வரியையும் படித்தான். பாட்டில் எதையும் திறக்கவில்லை. "சரி" என்றான். அது அவளுக்கு வசவைவிட அதிகம் வலித்தது.

மசோதாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அவள் தன் கட்சியில் சொன்னபோது, ஜெயித்த விஷயத்தை யாராவது கிளறுவார்களா என்று கேட்டார்கள். அதே மசோதாதான், அந்த ஒரு பிரிவை மட்டும் மாற்றினால் போதும்: படம் பார்க்கும் டாக்டரைத் தவிர வேறு யாரும் பெயரைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் வேலை போகும். வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆளுங்கட்சியிலிருந்து ஒரு கையெழுத்தாவது இல்லாமல் அது குழுவைத் தாண்டாது. பதவி போன மிரேவ் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்து சுகாதாரக் குழுவில் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டால் மற்றவர்கள் போடுவார்கள்.

வேலிகா பல வாரம் தள்ளிப் போட்டாள். பாதி கோடை அதிலேயே போய்விட்டது. கடைசியில் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவர் முன்னால் காகிதத்தை வைத்தாள். மிரேவ் சிகரெட்டைப் பற்றவைக்காமல் உதட்டில் வைத்துக்கொண்டு படித்தார்.

"இது என் மசோதா."

"ஒரு பிரிவைத் தவிர."

"இதைத்தானே ஒழிக்கணும்னு ஊரைக் கூட்டினீங்க?"

"உங்களை ஒழிக்கணும்னு கூட்டினேன். ஒழிஞ்சீங்க. இப்ப வண்டி வேணும்."

மிரேவ் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "வெக்கமே இல்லையா உங்களுக்கு? நான் எத்தனை வருஷம் அலைஞ்சு கொண்டுவந்த வண்டி. ஒரு நிமிஷத்துல மைக்குக்கு முன்னால நின்னு நிறுத்துங்கன்னுட்டுப் போனீங்க."

"என் உடம்பை நாட்டுக்கு முன்னால விரிச்சுப் போட்டது யாரு? நீங்க ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தா அந்த வண்டி இன்னைக்கும் ஓடும். மன்னிப்புக் கேட்டீங்களா இதுவரைக்கும்?"

"ராஜினாமா பண்ணினேனே, அது போதாதா?"

"அது பிரதமருக்குப் பண்ணினது. எனக்கு?"

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டு, காகிதத்தை மேஜையின் மேல் அவள் பக்கம் தள்ளினார். அது விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வந்துட்டீங்களா?" என்றார் அவர் பின்னாலிருந்து.

"அதை எப்பவும்போல ஆள் வெச்சுத் தேடிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவை அந்த மசோதாவை விடுமுறைக்கு முன் கடைசி நாளில், முக்கால்வாசி பேர் சூட்கேஸோடு வந்திருந்த ஒரு காலையில், அதிகம் பேசாமல் நிறைவேற்றியது. பத்திரிகைகளில் நாலு வரி வந்தது. மிளகாய் சிவக்கிற செப்டம்பரில் வெள்ளை வண்டி மறுபடி டோல்னி இஸ்வோருக்கு வந்தது. முதல் நாள் ஏறியவர்களில் இஸ்க்ராவும் ஒருத்தி. அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள்.

மசோதா நிறைவேறிய கையோடு அரசும் கவிழ்ந்திருந்தது. அந்த நாட்களில் அது புதிதில்லை. மறு தேர்தலில் வேலிகாவின் கட்சி கரைந்துபோனது. மிரேவைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். அவர் முன்னால், இவள் கடைசி வரிசையில். மிரேவ் பழைய அறுவை அறைக்குப் போனார். இஸ்க்ராவை அறுத்தது அவர்தான்.

அறுவை நடந்த அன்று வேலிகா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றாள். இஸ்க்ராவின் மகள் ஸ்பெயினில் இருந்தாள், வந்து சேரவில்லை. வேறு ஆள் இல்லை. மிரேவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து அவளைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"தோழி."

"உறவுக்காரங்களுக்குத்தான் சொல்லலாம். நீங்க போட்ட சட்டம்தானே."

வேலிகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிரேவ் நாலு அடி நடந்தவர் திரும்பி வந்தார். குரலை இறக்கிக்கொண்டார், அவருக்குக் குரலை இறக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பிழைச்சுக்குவா. மே மாசம் பாத்திருந்தா சின்னதா நோண்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்ப முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு. மருந்தும் போடணும். எல்லாம் வண்டி நின்ன நாலு மாசத்தால."

"அந்த நாலு மாசம் உங்களுது" என்றாள் வேலிகா.

"உங்களுது."

"நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா..."

"நீங்க வண்டியில ஏறியிருந்தா வாயைத் தொறக்க எனக்கு என்ன இருந்திருக்கும்?"

தாழ்வாரத்தில் போன நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மிரேவ் உள்ளே போய்விட்டார். வேலிகா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த மனிதர் தனக்கு எதிரே நின்றபோது அழக்கூடாது என்று இருந்த பிடிவாதம், அவர் போனபிறகு பிடித்து நிற்க ஒன்றும் இல்லாமல் விட்டுவிட்டது.

மயக்கம் தெளிந்தபின் அவளை உள்ளே விட்டார்கள். இஸ்க்ரா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். வேலிகா கொண்டுபோன செர்ரி ரசத்தைப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"யார் கூப்பிட்டா உன்னை?"

"யாரும் கூப்பிடல."

"அப்பப் போ. எனக்கு உன்மேல கோபப்படக்கூடத் தெம்பு இல்ல இப்ப. தெம்பு வந்ததும் படறேன்."

தெம்பு வந்தது. குளிர்காலம் முழுக்க மருந்து, வாந்தி, மொட்டைத் தலையில் கம்பளிக் குல்லா. வேலிகா மேஜையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்கோவிடம் சொல்லி அனுப்பினாள். இஸ்க்ரா வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். நின்கோ மட்டும் காலையில் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு டிப்போவுக்குப் போனான். அவனிடம் இஸ்க்ராவுக்குச் சண்டை இல்லை. மாலையில் அவன் வீட்டுக்கு வந்து, இஸ்க்ரா இன்னைக்கு ரெண்டு ரொட்டி சாப்பிட்டாளாம் என்று சொல்வான். கணவனும் மனைவியும் மறுபடி பேசத் தொடங்கியது அந்தப் பேச்சில்தான். ஒருநாள் மாலை வேலிகா, கோட்டு போட்டுக்கொண்டு கதவுவரை போன கதையைச் சொன்னாள். நின்கோ, "என்னைக் கூப்பிட்டிருந்தா கூட வந்திருப்பேனே, மடச்சி" என்றான்.

கோடை முடிந்து, அடுத்த மிளகாய்க் காலத்தில் இஸ்க்ரா முழுநாளும் சந்தையில் நிற்க ஆரம்பித்தாள். தலையில் குட்டை முடி, நரைத்து முளைத்திருந்தது. மேஜைமேல் சிவப்பு மிளகாய் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. வேலிகா பையோடு போய் நின்றாள்.

"பத்து கிலோ போடு. குளிர்காலத்துக்குப் போட்டுவைக்கிற சட்னிக்கு."

"வித்தாச்சு" என்றாள் இஸ்க்ரா.

"இவ்வளவு இருக்கே?"

"எல்லாம் வித்தாச்சு. உனக்கு இல்ல."

வேலிகா அடுத்த மேஜைக்குப் போய்ச் சுமாரான மிளகாயை வாங்கிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் முதலில் இஸ்க்ராவிடம்தான் போனாள்.

"மிளகாய் இருக்கா?"

"இல்ல."

"தக்காளி?"

"அதுவும் இல்ல. தள்ளி நில்லு, வர்றவங்களுக்கு வழியை விடு."

"மருந்து முடிஞ்சு மறுபடி படம் எடுத்தாங்களா?"

இஸ்க்ரா தராசில் யாருக்கோ உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்து முடித்து, பையில் கொட்டி, சில்லறை கொடுத்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்தாங்க. உனக்குச் சொல்லமாட்டேன்" என்றாள்.

வேலிகா தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.